நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் நடுவே தொலையும் நிமிடங்கள்

2024 அக்டோபர் 27 அன்று கோவாவில் நடந்த அயர்ன்மேன் 70.3 டிரையத்லான் போட்டியை பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா 8 மணி 27 நிமிடம் 32 விநாடியில் முடித்தார். அந்தப் போட்டிக்குக் கொடுக்கப்படும் நேரமே எட்டரை மணிதான். கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 21.1 கிலோமீட்டர் ஓடி முடித்தபோது அவர் கையில் மிச்சமிருந்தது இரண்டரை நிமிடம்கூட இல்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் தமிழக பா.ஜ.க. முன்னாள் தலைவர் அண்ணாமலையும் அதே கோவா போட்டியை முடித்தார். தமிழ்நாட்டில் பலர் அயர்ன்மேன் என்ற பெயரைக் கேள்விப்பட்டது அப்போதுதான்.

இரண்டரை நிமிடம் எப்படிக் கரையும் என்று டிரையத்லானில் ஒருமுறை இறங்கியவருக்குத் தெரியும். தண்ணீரை விட்டு வெளியே வந்து, தன் சைக்கிள் எந்த வரிசையில் நிற்கிறது என்று தேடி, ஈரக்காலில் சாக்ஸை இழுத்து மாட்டி, லேஸ் முடிந்து நிமிர்ந்தால் அது போயிருக்கும். நீச்சலில் மூச்சைப் பிடித்துச் சேர்த்த நேரம் முழுவதும் ஒரு துண்டின் மேல் உட்கார்ந்தபடியே காலியாகிவிடும்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்துச் செய்வது டிரையத்லான். ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அதில் பாதி ஸ்பிரிண்ட். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பிரிண்டில்தான் தொடங்குவார்கள். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறுவதை டி1 என்றும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவதை டி2 என்றும் சொல்கிறார்கள். இந்த இரண்டும் நடக்கும் இடத்துக்கு டிரான்சிஷன் ஏரியா என்று பெயர். சைக்கிள்கள் கம்பிகளில் வரிசையாகத் தொங்கும். அவரவர் சைக்கிளுக்குக் கீழே அவரவர் சாமான். காலில் கட்டிய டைமிங் சிப் இங்கேயும் நேரத்தை எண்ணிக்கொண்டேதான் இருக்கும். உடை மாற்றினாலும் தண்ணீர் குடித்தாலும் திகைத்து நின்றாலும் அத்தனையும் மொத்தக் கணக்கில் ஏறிவிடும்.

மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை என்று எங்கள் கரிசல் பக்கம் விடியற்காலையில் ரோட்டோரம் ஓடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அநேகமாகப் போலீஸ் செலக்‌ஷனுக்கோ ராணுவத்துக்கோ ஓடுகிறவர்கள். போலீஸ் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால் விநாடியின் மதிப்பை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஓட்டம் கையில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து சைக்கிள் பழக்கம். கிணற்றில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ முதுகில் கட்டி நீச்சல் பழகிய தலைமுறையும் இன்னும் இருக்கிறது. டிரையத்லானுக்கு வேண்டிய மூன்றும் இப்படிச் சிதறலாக இங்கே உண்டு. பயிற்சியாளரும் லட்ச ரூபாய் சைக்கிளும்தான் இல்லை. அவர்களுக்கு நான் முதலில் சொல்வேன்: இந்த விளையாட்டில் காசும் களைப்பும் மிகக் குறைவாகக் கேட்டு, நேரத்தை அதிகமாகத் திருப்பித் தருவது டிரான்சிஷன். அதிலிருந்து தொடங்குங்கள்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 40 கிலோமீட்டர் மிதிக்க 80 நிமிடம் ஆகும். அதை 78 ஆக்க வேண்டுமென்றால் வேகம் 30.8-க்கு வர வேண்டும். ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லையே என்று தோன்றும். ஆனால் சமதளத்தில் சைக்கிளை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் காற்று. காற்றை எதிர்த்துச் செலவழிக்கும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அந்த 2 நிமிடத்துக்காகக் கால் ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல் சக்தி தர வேண்டும். அது மாதக்கணக்கான பயிற்சி. 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடுகிறவர் ஒரு நிமிடம் குறைக்க, ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 12 விநாடி முன்னே வர வேண்டும். 750 மீட்டரை 20 நிமிடத்தில் நீந்துகிறவருக்கு ஒரு நிமிடம் என்பது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 8 விநாடி. டிரான்சிஷனிலோ, எங்கே என்ன வைப்பது என்று முடிவு செய்து சில மாலைகள் பழகினால் அதே இரண்டு நிமிடம் கிடைத்துவிடும். நுரையீரலோ தொடையோ கூடுதலாக எதையும் தர வேண்டியதில்லை.

விதிகளை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் மீறினால் சேர்த்ததும் போகும். சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுக்கும் முன்பே ஹெல்மெட் தலையில் ஏறி, தாடைப் பட்டை மாட்டியிருக்க வேண்டும். சைக்கிளைத் திரும்பக் கம்பியில் தொங்கவிட்ட பிறகுதான் அந்தப் பட்டையைக் கழற்றலாம். டிரான்சிஷன் ஏரியாவுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வெளியே ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டித்தான் ஏறலாம். திரும்பி வரும்போது இன்னொரு கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஜோனதன் பிரவுன்லீ அந்த ஏறும் கோட்டுக்கு முன்பே சைக்கிளில் ஏறிவிட்டார். 15 விநாடி தண்டனை. ஓட்டத்தின் நடுவே தண்டனைக் கட்டத்தில் நின்று கழித்துவிட்டு மறுபடி ஓடினார். தங்கம் அவருடைய அண்ணன் அலிஸ்டருக்கு, வெண்கலம் இவருக்கு. வெள்ளி வென்ற ஸ்பெயினின் ஹாவியர் கோமஸ் இவரைவிட 20 விநாடிதான் முன்னே இருந்தார். அதே ஒலிம்பிக்கின் பெண்கள் போட்டியில் சுவிட்சர்லாந்தின் நிகோலா ஸ்பிரிக்கும் ஸ்வீடனின் லிசா நோர்டனும் 1 மணி 59 நிமிடம் 48 விநாடி என்று ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டார்கள். புகைப்படத்தைப் பார்த்துத்தான் தங்கம் யாருக்கு என்று முடிவானது. ஸ்பிரிக் வென்றார். இரண்டு மணி நேரப் போட்டியில் ஒரு ஹெல்மெட் பட்டை கொஞ்சம் முரண்டு பிடித்திருந்தாலும் கதை மாறியிருக்கும்.

வெளிநாட்டுப் புத்தகங்களிலும் வீடியோக்களிலும் டி1 பற்றிச் சொல்வதில் பாதி, குளிருக்குப் போடும் வெட்சூட் என்ற ரப்பர் உடையை எப்படிச் சீக்கிரம் உரிப்பது என்பதுதான். நமக்கு அந்த வேலையே இல்லை. அயர்ன்மேன் போட்டிகளில் தண்ணீரின் வெப்பம் 24.5 டிகிரியைத் தாண்டினால் வெட்சூட் போட்டு நீந்துகிறவர் பரிசுக்கான வரிசையில் சேர முடியாது. நம் கடலும் குளமும் அதற்கு மேலேதான் இருக்கும். ஐரோப்பியரின் டி1-ஐ மிக நீளமாக்கும் ஒன்று நம்மிடம் தானாகவே இல்லாமல் போகிறது. அப்படியும் நம் ஊர்க்காரர்கள் ஏன் ஐந்தாறு நிமிடம் எடுக்கிறார்கள்? உடை மாற்றுவதால்தான். நீச்சலுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று என்று கொண்டுவருகிறார்கள். ஈர உடம்பில் பனியன் ஒட்டிக்கொண்டு தோளுக்குக் கீழே இறங்காது. தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே உடை போதும். இதற்கென்றே தைத்த ட்ரை சூட் வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் உடம்போடு ஒட்டிய, சீக்கிரம் காயும் அரைக்கால் உடையும் மேலுடையும் போதும். நம் வெயிலில் சைக்கிள் ஏறிய சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். பெண்கள் இந்த ஒரு விஷயத்தை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்தால் டி1-இல் உடை மாற்றும் கூடாரம் தேடி அலைய வேண்டாம்.

டி1 தண்ணீருக்குள்ளேயே தொடங்குகிறது. நீந்தும்போது உடம்பு படுக்கைவாட்டில் இருக்கிறது. காலுக்கு வேலை குறைவு, ரத்தம் கைகளுக்கும் தோளுக்கும் போய்க்கொண்டிருக்கும். சட்டென்று எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கி, ஒரு கணம் தலை கிறுகிறுக்கும். பலர் கரையில் தடுமாறுவது இதனால்தான். கடைசி ஐம்பது அறுபது மீட்டரில் காலைக் கொஞ்சம் வேகமாக அடித்து விழிக்கவைத்தால் தள்ளாட்டம் குறையும். எழுந்ததும் பத்து அடி நடந்துவிட்டு ஓடத் தொடங்கலாம். காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டே போங்கள். தொப்பியையும் அதையும் ஓட்டத்திலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, சைக்கிளைக் கண்டுபிடிப்பது. நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் நிற்கும் இடத்தில், கண்ணில் உப்புத்தண்ணீரோடு வருகிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். போட்டி தொடங்கும் முன்பே நீச்சல் முடிந்து உள்ளே வரும் வாசலிலிருந்து உங்கள் இடத்துக்கு நடந்து பாருங்கள். எத்தனையாவது வரிசை, எந்தக் கம்பத்துக்கு நேரே என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு அங்கிருந்து சைக்கிள் வெளியேறும் வாசலுக்கு ஒரு நடை. சைக்கிளோடு உள்ளே நுழையும் வாசலிலிருந்து இன்னொரு நடை, ஓட்டத்துக்கு வெளியேறும் வாசலுக்குக் கடைசி நடை. அடுத்தவர் சைக்கிளை அடையாளமாக வைக்காதீர்கள், அவர் உங்களுக்கு முன்பே எடுத்துக்கொண்டு போய்விடலாம். பளிச்சென்ற கட்டம் போட்ட துண்டு ஒன்றைக் கீழே விரித்திருந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

அந்தத் துண்டில் சாமானை வைக்கும் முறைதான் விஷயத்தின் நெஞ்சு. கல்யாணப் பந்தியில் இலையின் எந்த மூலையில் உப்பு, எங்கே பொரியல், எங்கே சோறு என்று பரிமாறுகிறவர் நின்று யோசிப்பதில்லை. இடம் நிலையானது, கை தானாகப் போகிறது. அப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வேண்டும், பயிற்சியிலும் போட்டியிலும் அந்த இடம் மாறக் கூடாது. ஹெல்மெட் ஹேண்டில்பாரின் மேல் கவிழாமல் மல்லாந்து இருக்கட்டும், பட்டைகள் இருபுறமும் தொங்கட்டும், கண்ணாடி அதற்குள். துண்டின் முன்பக்கம் சைக்கிளுக்கு வேண்டியது, பின்பக்கம் ஓட்டத்துக்கு வேண்டியது. ஷூவின் வாய் உங்களைப் பார்த்து விரிந்திருக்க வேண்டும். நம்பர் அட்டையைச் சட்டையில் ஊக்கு குத்தி மாட்டுவதைவிட இடுப்பில் கட்டும் எலாஸ்டிக் பெல்ட்டில் மாட்டிவிட்டால் ஓடிக்கொண்டே கட்டிக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலும் பேரீச்சம்பழமும் சைக்கிளிலேயே இருக்கட்டும். துண்டின் மேல் நின்று சாப்பிட ஆரம்பித்தால் முடிந்தது. முந்தின நாள் வீட்டில் எல்லாவற்றையும் பரப்பி, இது இல்லாமல் முடியாதா என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேளுங்கள். முடியும் என்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சாமான் குறைந்தால் கையும் மனதும் குறைவாகத் தடுமாறும்.

கால்தான் பெரிய சிக்கல். கடற்கரைப் போட்டியில் மணல், எங்கள் பக்கம் பழகும்போது கரிசல். மழை பெய்த கரிசல் காலில் அப்பிக்கொண்டால் உதறினாலும் போகாது. அந்தத் துகளோடு ஷூவுக்குள் காலை நுழைத்தால் நாலாவது கிலோமீட்டரில் கொப்புளம். ஒரு பாட்டில் தண்ணீர் தனியாக வைத்து இரண்டு பாதத்திலும் ஊற்றித் துண்டில் மிதித்துவிட்டால் போதும். அந்த மூன்று நான்கு விநாடியைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஷூவுக்குள் முன்பே கொஞ்சம் பவுடர் தூவி, குதிகால் உராயும் இடத்தில் வாஸ்லின் தடவினால் ஈரக்கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஸ்பிரிண்ட் தூரத்துக்கு சாக்ஸ் இல்லாமலே பழகலாம். 21 கிலோமீட்டர் வெயிலில் ஓட வேண்டிய போட்டியில் சாக்ஸைத் தவிர்ப்பது தப்பான சிக்கனம் என்பது என் கருத்து. சாக்ஸை விரல்வரை சுருட்டி வைத்தால் இழுத்து மாட்ட நேரம் ஆகாது. சாதாரண லேஸைக் கழற்றிவிட்டு எலாஸ்டிக் லேஸ் போட்டுக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தருவது அதுதான்.

சைக்கிள் ஷூவை முன்கூட்டியே பெடலில் மாட்டி, ரப்பர் பேண்டால் நேராகக் கட்டி வைத்து, வெறுங்காலோடு ஓடிவந்து தாவி ஏறுகிறவர்களை டிவியில் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகு. ஆனால் புதியவர்கள் அதில் மிச்சம் பிடிப்பது சில விநாடிகள், விழுந்தால் போவது முழுப் போட்டியும். அதை விடுங்கள். சாதாரணத் தட்டையான பெடலில் ஓட்ட ஷூவோடே மிதித்தால் 20 கிலோமீட்டரில் பெரிய நஷ்டம் எதுவும் வராது, டி2-இல் ஷூ மாற்றும் வேலையும் இருக்காது. அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளை வைத்துக்கொண்டே இதைப் பழகலாம். சைக்கிளை நிறுத்தும்போது கியர் இருந்தால் லேசான கியரில் வையுங்கள், ஏறியதும் முதல் மிதி எளிதாகச் சுற்ற வேண்டும். வெயிலில் நிற்கப்போகும் டயருக்குக் காற்றை முட்ட அடிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் சீமைக் கருவேல முள் வேறு, புறப்படும் முன் இரண்டு டயரையும் விரலால் தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

டி2 சின்னது. முன்னணி வீரர்கள் அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். இறங்கும் கோட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து இறங்கி, தள்ளிக்கொண்டு ஓடி, சைக்கிளைத் தொங்கவிட்டு, அதற்குப் பிறகு ஹெல்மெட். தொப்பியையும் நம்பர் பெல்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள், ஓடிக்கொண்டே போட்டுக்கொள்ளலாம். இங்கே உண்மையான எதிரி கால் கனம். இடுப்பை மடக்கி ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்த தொடை திடீரென்று நீட்டி ஓடச் சொன்னால் கேட்காது. கட்டை கட்டியதுபோல் இருக்கும். சைக்கிளின் கடைசி ஒரு கிலோமீட்டரில் லேசான கியரில் வேகமாகச் சுற்றிக் காலைத் தளர்த்துவது உதவும். வாரம் ஒருமுறையாவது சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு பத்து நிமிடம் ஓடுங்கள். அதற்கு பிரிக் பயிற்சி என்று பெயர். நாலைந்து வாரத்தில் கால் புரிந்துகொள்ளும்.

பழகுவதற்கு எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு வேம்புக்கு நடுவே ஒரு மூங்கில் கழியைக் கட்டினால் அதுதான் கம்பி. ஸ்டாண்ட் உள்ள சைக்கிளென்றால் அதுவும் தேவையில்லை. கோலப்பொடியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், அதைத் தாண்டாமல் ஏறக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஐம்பது அடி ஓடிவந்து, ஹெல்மெட், ஷூ, சைக்கிள், கோடு. போனில் ஸ்டாப்வாட்ச். முதல் சில தடவை வேகமே வேண்டாம், ஒழுங்கு மாறாமல் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அவசரப்பட்டால் பட்டை கொக்கியில் மாட்டாது, ஷூவின் நாக்கு உள்ளே மடங்கிக்கொள்ளும். ஒழுங்கு கைக்கு வந்துவிட்டால் வேகம் பின்னாலேயே வந்துவிடும். யாரையாவது பக்கத்தில் நிற்கவைத்து, எந்த இடத்தில் கை தயங்குகிறது என்று பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. வெட்சூட் இல்லாத ஸ்பிரிண்ட் போட்டியில் டி1-ஐ இரண்டு நிமிடத்துக்குள்ளும் டி2-ஐ ஒரு நிமிடத்துக்குள்ளும் கொண்டுவருவது சாதாரண ஆளுக்கு எட்டக்கூடிய இலக்கு. டிரான்சிஷன் ஏரியா நீளமாக இருந்தால் கொஞ்சம் கூடும்.

நீச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. கிணறு நீச்சல் பழக உதவும், தூரம் பழக உதவாது. நேராக 750 மீட்டர் நீந்த மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்க நீச்சல்குளம் போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். கிணற்றிலோ கண்மாயிலோ தனியாக இறங்க வேண்டாம், எவ்வளவு நன்றாக நீந்தினாலும் சரி.

அந்த மதுரைப் பயணம் எல்லோருக்கும் கைகூடாது. அதற்கு வழி டூயத்லான். ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். ஸ்பிரிண்ட் அளவில் 5 கிலோமீட்டர் ஓட்டம், 20 கிலோமீட்டர் சைக்கிள், 2.5 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சல்குளம் வேண்டாம், ஆனால் இரண்டு டிரான்சிஷனும் அப்படியே இருக்கும். அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டியையும் நெடுந்தூர ஓட்டத்தையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தனித்தனியாக நடத்துகிறது. சாலை மறிப்பு, காவல்துறை, ஆம்புலன்ஸ், பரிசுத்தொகை எல்லாவற்றுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் அந்த இரண்டையும் ஒரு காலையில் சேர்த்து, நடுவே இருபது மூங்கில் கழிகளைக் கட்டி, ஒரு சின்ன டூயத்லானாக நடத்திப் பார்க்க வேண்டும் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். மல்லாங்கிணற்றிலிருந்து போட்டியாளர்களைத் திரட்டிக்கொண்டு வருவது எங்கள் பொறுப்பு.